சட்டை ஓரத்துக் கிளிப்பு

மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் கலியாணசுந்தரம் வீட்டுக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்கு அந்தக் கூத்து தெரிந்திருக்கும். மனிதர் மின்விசிறி போடப் போவார். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "பாசாங்?" என்று உரக்கக் கேட்பார். போடட்டுமா என்று மலாயில் கேட்கிற கேள்விதான். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு தடவை பதில் சொல்ல வேண்டும். அடுப்படியிலிருந்து மனைவி கமலவேணி "போடுங்க" என்பாள். வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கும் விருந்தாளியும் சொல்லியாக வேண்டும். அவர் வாயைத் திறக்காவிட்டால் விசிறி சுற்றாது. காற்று வாங்கக்கூட இந்த வீட்டில் பெர்மிட் எடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கேட்பதை மட்டும் விடமாட்டார்.

இன்னொன்றும் செய்வார். சுவிட்சைத் தட்டுவதற்கு முன் குனிந்து தன் சட்டையின் கீழ் ஓரத்தை ஒரு பார்வை பார்ப்பார். அதை யாரும் கவனித்ததில்லை, அதனால் அதைப் பற்றிக் கேலியும் இல்லை.

கேலி பேசினவர்களுக்கு என்ன தெரியும்? அந்த ஒரு பதிலுக்காக அந்த மனிதர் மூன்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்றிருக்கிறார். அதைச் சொல்ல வேண்டுமானால் அறுபத்தொன்றாம் வருஷத்துக்குப் போக வேண்டும். மலாயா சுதந்திரமடைந்து நாலு வருஷம். கம்யூனிஸ்ட்காரர்களோடு சண்டை நடந்த அவசரகாலம் முடிந்து ஒரு வருஷம். அதற்கு முன்பெல்லாம் ஏரியல் வைத்த பெட்டியோடு ஒருத்தன் புல்வெளியில் நின்றால் போலீஸ் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும். இப்போது லைசென்ஸ் என்று ஒரு காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தைக் கலியாணசுந்தரம் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். கல்யாணப் போட்டோ அதற்குக் கீழேதான்.

அப்போது அவருக்கு முப்பத்துநாலு வயது. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவரின் மகன். டெலிபோன் ஆபீசில் டெக்னீசியன் வேலை. ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. வேலை நாளில் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே விட்டிருப்பார். அன்றைக்கு அவர் பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்குப் போவார். சைக்கிளின் பின்னால் பெட்டியையும், முதுகில் துணி சுற்றிய விமான இறக்கையையும் கட்டிக்கொண்டு அவர் போவதைப் பார்க்கிறவர்கள் மனிதர் வீடு மாறுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

பத்து பெரெண்டாமில் விமானத் திடலின் வேலிக்கு இந்தப் பக்கம், மாடு மேய்கிற புல்வெளி ஒன்று இருந்தது. இன்றைக்குப் போய்த் தேடினால் கிடைக்காது, வீடுகள் வந்துவிட்டன. அன்றைக்கு அங்கே ஒன்பது பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். பல் டாக்டர் லிம் தலைவர். பள்ளிக்கூடத்து வாத்தியார் யாக்கோப் ஒருவர். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த உமர் ஒருவர். மற்றவர்களும் இப்படித்தான், ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு பாஷை. கூடினால் எல்லாருக்கும் மலாய். செயலாளர் நம்ம கலியாணசுந்தரம்.

வானொலியால் ஓட்டுகிற விமானம் என்றால் இப்போது குழந்தைகள்கூட அலட்டிக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் அது மந்திரவாதம். தரையில் ஒரு பெரிய பெட்டி, அதில் ஆள் உயரத்துக்கு ஏரியல். பெட்டியிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரே ஒரு பட்டன். விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பெட்டி. பட்டனை அழுத்தினால் வால் திரும்பும், விமானமும் திரும்பும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அதில் ஒரு வினை இருந்தது. எல்லாப் பெட்டியும் ஒரே அலையில் பேசின. சின்னப் பெட்டிக்குத் தன் எஜமான் யார் என்று தெரியாது, எவன் பட்டனை அழுத்தினாலும் கேட்கும். ஒருவர் விமானம் ஆகாயத்தில் இருக்கும்போது இன்னொருவர் தன் பெட்டியைப் போட்டு அழுத்தினால் மேலே இருப்பது கீழே வரும். கீழே யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் அது பார்க்காது.

அதற்குத்தான் கிளிப்பு. துணி காயப்போடுகிற சாதாரண மரக் கிளிப்பு, சிவப்புச் சாயம் அடித்தது, கிளப்புக்கே ஒன்றுதான். மரத்தில் ஒரு பலகை அடித்து அதில் மாட்டி வைத்திருப்பார்கள். விமானம் விட விரும்புகிறவர் அதை எடுத்துத் தன் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப்பு யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பெட்டியைப் போடலாம். இறக்கினதும் பலகையில் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும். முதலில் காலரில்தான் மாட்டிப் பார்த்தார்கள். அண்ணாந்து ஆகாயத்தைப் பார்க்கும்போது தாடையில் குத்தியது. அப்புறம் எல்லாருமே சட்டையின் கீழ் ஓரத்தில் மாட்டப் பழகிவிட்டார்கள். கண் மேலே இருக்க, கை மட்டும் கீழே போய்த் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு கலியாணசுந்தரத்தின் மூளையில் உதித்தது. அதனாலோ என்னவோ, அதை அவர் சாமி மாதிரி காப்பாற்றினார். கிளிப்பு மட்டுமா, ஆட்கள் இருக்கிற பக்கம் விமானத்தைக் கொண்டு போகக் கூடாது என்பார். நிஜ விமானம் வரும் சத்தம் கேட்டால் எல்லாரும் இறக்கிவிட வேண்டும். மாட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் மாட்டை நகர்த்த வேண்டும், விரட்டக் கூடாது. விதியை மீறியவருக்கு மூன்று மாதம் ஆகாயம் கிடையாது. தலைவர் லிம்மையே ஒருதரம், வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டார். மனிதரிடம் நியாயம் இருந்தது, ஆனால் நாக்கில் கொஞ்சம் காரமும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் காரம் அதிகமாகப் பட்டது உமரின் மேல்தான். உமருக்கு இருபத்தெட்டு வயது. நாகூர்ப் பக்கத்து வம்சம், பாட்டனார் காலத்திலேயே மலாக்காவில் கடை போட்ட குடும்பம். எப்போதும் சிரித்த முகம், கொஞ்சம் மறதிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானம் விட்டுவிட்டு, சிவப்புக் கிளிப்பைச் சட்டையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். மற்ற எட்டுப் பேரும் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறு வாரம் உமர் கோப்பியும் பலகாரமுமாக வந்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார், மூன்று மாதத் தண்டனைக்கும் சரி என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை.

"கவனம் இல்லாத ஆளுக்கு ஆகாயம் எதுக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டார், அத்தனை பேருக்கும் முன்னால்.

உமர் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் அவர் கோபித்துக்கொண்டு போகிற ஆள் இல்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே புதிதாக ஒரு விமானம் கட்ட ஆரம்பித்தார். எட்டு மாதம் கட்டினார். சந்தேகம் வரும்போதெல்லாம் கடையை மூடிவிட்டுக் காஜா பெராங்குக்கு வந்து, கலியாணசுந்தரத்தோடு தரையில் உட்கார்ந்து குச்சி குச்சியாக ஒட்டினார். பசை வாசனை வீடு முழுக்க அடித்தது. கமலவேணி மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பாடு போட்டாள். இறக்கைக்குப் போர்த்தத் தன் கடையிலிருந்தே பச்சைப் பட்டுத் துணி கொண்டுவந்தார் உமர். அண்ணன் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டது அந்த எட்டு மாதத்தில் வெறும் கூப்பிடுதலாக இல்லாமல் போய்விட்டது. கலியாணசுந்தரத்துக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது.

அந்த வருஷம் ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்கு பண்டார் ஹிலிர் பாடாங் திடலில் சுதந்திர தினக் கொண்டாட்டம். கடற்கரை ஓரமாக ஒரு விமானம் விட்டுக் காட்டும்படி கிளப்பைக் கேட்டிருந்தார்கள். வாலில் மலாயாக் கொடி கட்டி, கடலின் மேல் மூன்று சுற்று. யார் விடுவது? கலியாணசுந்தரம்தான் என்று ஒரு மனதாக முடிவாயிற்று. அவர் தோட்டத்திலிருந்த அப்பாவுக்கு உடனே கடிதம் எழுதினார். அப்பா வாழ்நாளில் மகன் செய்கிற எதையும் வந்து பார்த்ததில்லை. பஸ் ஏறி வருகிறேன் என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிப் பதில் எழுதி அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தைக் கலியாணசுந்தரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஜூலை முதல் ஞாயிறு. முந்தின இரண்டு நாளும் மழை. துணி ஒன்றும் காயவில்லை. கிளம்புகிற அவசரத்தில் கலியாணசுந்தரம் கொடியில் தொங்கிய சட்டையை வெடுக்கென்று இழுத்து, ஈரம் போயும் போகாமலும் இருந்ததை அப்படியே மாட்டிக்கொண்டு சைக்கிள் ஏறிவிட்டார். அன்றைக்கு உமரின் பச்சை விமானத்துக்கு முதல் ஓட்டம். உமர் மனைவியும் பார்க்க வந்திருந்தாள், அவள் பெயரே சித்திதான். கயிற்றுக்கு அந்தப் பக்கம், பாதை ஓரத்து மர நிழலில் பாய் விரித்து, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடும் கோப்பி பிளாஸ்க்கோடும் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கலியாணசுந்தரம்தான் விட்டார். பாதியில் அவருடைய பெட்டி மக்கர் பண்ணியது. எப்படியோ இறக்கிவிட்டு, கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டு, பெட்டியையும் விமானத்தையும் தூக்கிக்கொண்டு தூரத்து மரத்தடிக்குப் போனார். பெட்டியைத் திறந்து உள்ளே குனிந்தார் என்றால் அவருக்கு உலகம் மறந்து போகும். டெலிபோன் ஆபீசிலும் அப்படித்தான். கம்பியில் கட்டிச் சுற்றவிடும் விமானங்கள் ஒரு பக்கம் இரைந்துகொண்டே இருந்தன. அவற்றுக்குக் கிளிப்பு தேவையில்லை, அதனால் எஞ்சின் சத்தம் யாருக்கும் ஒரு சேதி இல்லை. அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு இடத்தில் துரு இருந்ததைக் கண்டுபிடித்துச் சுரண்டினார். போட்டுப் பார்க்க வேண்டும். கை தன்னால் சட்டையின் கீழ் ஓரத்துக்குப் போனது. கிளிப்பு இருந்தது.

அட, இன்னும் பலகையில் மாட்டவே இல்லையா, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். பெட்டியைப் போட்டார். பட்டனை அழுத்தினார். பக்கத்தில் கிடந்த அவர் விமானத்தின் வால் அழகாகத் திரும்பியது. சந்தோஷம். விரலை எடுக்காமல் உள்ளே எட்டிப் பார்த்துப் பத்து வரை எண்ண ஆரம்பித்தார்.

எட்டு எண்ணும்போது சித்தி அலறினாள்.

திரும்பிப் பார்த்தால் பச்சை விமானம் தலைகீழாகச் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. உமர் பட்டனைக் குத்து குத்தென்று குத்துகிறார், அது கேட்கவில்லை. பாயின் ஓரத்தில் வந்து விழுந்தது. சித்தியின் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருந்தால் அதிகம். பிளாஸ்க் நொறுங்கி, சூடான கோப்பி புல்லில் ஓடியது. அவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அப்புறம் அவள் அந்தப் பாயில் உட்காரவில்லை.

கலியாணசுந்தரம் ஓடினார். ஓடும்போதே பழக்க தோஷத்தில் கை கிளிப்பைக் கழற்றியது. கையில் பார்த்தார். அதில் சிவப்பு இல்லை. வெறும் மரக் கிளிப்பு. கமலவேணி சட்டையை எப்போதும் தலைகீழாகத்தான் காயப்போடுவாள், கீழ் ஓரத்தில் கிளிப்பு மாட்டி. நிமிர்ந்து பார்த்தால், உமரின் சட்டை ஓரத்தில் சிவப்புக் கிளிப்பு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையே! கையில் இருந்ததைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லாரும் சேர்ந்து உமரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் இருக்கிற பக்கம் ஏன் கொண்டு போனாய், பட்டனில் விரல் மாட்டிக்கொண்டதா, கையைத் துடைத்துக்கொண்டாயா? நான் அழுத்தவேயில்லை என்று முதலில் சொன்ன உமர், கொஞ்ச நேரத்தில், அழுத்திவிட்டேனோ என்னவோ என்றார். லிம் செயலாளரைப் பார்த்து, விதி என்ன சொல்கிறது என்று கேட்டார். மூன்று மாதம் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு கூடிப் பேசலாம் என்றார் கலியாணசுந்தரம். குரல் அவருக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டைப் பையில் அப்பாவின் கடிதம், கால்சட்டைப் பையில் கிளிப்பு. இதைச் சொன்னால் அது போயிற்று. மூன்று மாதத் தண்டனையில் ஆகஸ்ட் முப்பத்தொன்று அடங்கிவிடும், பஸ் ஏறி வருகிற அப்பாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. யாருக்கும் பெரிய நஷ்டமில்லையே, பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே, உமர் எப்படியும் மறதிக்காரர்தானே என்று ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டார். வெட்கக்கேடு. அது வெட்கக்கேடு என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் உமர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. பச்சைப் பட்டில் சுற்றிய சின்னப் பெட்டியை நீட்டினார். விமானம் தூள் தூளாகிவிட்டது, இது மட்டும் பிழைத்தது, அண்ணனுக்கு உதவும் என்றார்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்கண்ணே, கவனம் இல்லாத ஆளுக்கு ஆகாயம் எதுக்குன்னு. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

கலியாணசுந்தரம் அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். உமர் வாசலில் செருப்பை மாட்டும்போது தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது மட்டும் அவர் கண்ணில் பட்டது.

சனிக்கிழமை துணி துவைக்கும்போது கமலவேணி கால்சட்டைப் பையில் கையை விட்டாள். ஒரு வாரமாகக் கிளிப்பு ஒன்று குறைகிறதே என்று முற்றமெல்லாம் தேடிக்கொண்டிருந்தவள் அவள். ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்பாவைப் பற்றியும் சொன்னார். சட்டையை நீ ஏன் தலைகீழாகக் காயப்போட்டாய் என்றுகூட நடுவில் ஒரு வார்த்தை வந்துவிட்டது.

அவள் அதற்குச் சண்டைக்கு வரவில்லை. பட்டுத் துணியில் சுற்றி அலமாரி மேல் இருந்த சின்னப் பெட்டியை ஒரு தரம் பார்த்தாள்.

"கிளிப்பு என்னோடதுதாங்க. அதுக்கு நான் வந்து சொல்றேன்னாலும் சொல்றேன். ஆனா அந்தப் பிள்ளைகிட்ட இருந்து இதை வாங்கி வச்சது யாரு?"

அவர் எழுந்து போய் அலமாரி மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். உமரும் வந்திருந்தார், தண்டனையைக் கேட்டுக்கொண்டு போக. கலியாணசுந்தரம் பலகையில் சிவப்புக் கிளிப்பின் பக்கத்தில் அந்த வெறும் கிளிப்பையும் மாட்டினார். நடந்ததை மலாயில் சொன்னார். விதியைத் தானே வாசித்தார். தண்டனை தனக்கு என்றார், பண்டார் ஹிலிரில் விடப்போவது லிம் என்றார். இதோடு ஒரு புது விதி சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கை ஏமாற்றும். அதனால் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு "பாசாங்?" என்று உரக்கக் கேட்க வேண்டும். திடலில் இருக்கிற அத்தனை பேரும் "பாசாங்" என்று பதில் சொன்ன பிறகுதான் பெட்டியைப் போடலாம். ஒருவர் சொல்லாவிட்டாலும் போடக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிறகு அவர் பச்சைப் பட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உமரிடம் போனார். மன்னிச்சிரு தம்பி என்றார். உமர் அதை வாங்கிக்கொண்டார். கோபமாகக் கத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"விமானம் போனா போகுதுண்ணே. ஏழு நாளு. என் சித்தியைக் கொல்லப் பார்த்த கை இதுதான்னு ஏழு நாளா இந்தக் கையால சோறு அள்ளித் தின்னேன். புதன்கிழமை உங்க வீட்டு வாசல்ல நின்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? கலியாணசுந்தரம் பிளாஸ்க் உடைந்த இடத்திலேயே நின்றார். தண்டனைக்கு மூன்று மாதம் என்று கணக்கு இருக்கிறது, இதற்குக் கணக்கு கிடையாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி அப்பா பஸ்ஸில் வந்தார், சலவை வேட்டியும் கோட்டுமாக. லிம் விமானம் விட்டார். கலியாணசுந்தரத்துக்குக் கூட்டம் உள்ளே வராமல் கயிறு பிடிக்கிற வேலை. அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கம் மகனுக்கு நேர் எதிரில் நின்று, கொடியோடு பறந்த விமானத்தை வாயைத் திறந்து பார்த்தார். நீ விடவில்லையா என்று ஒரு தரம் கேட்டார். தப்புப் பண்ணிவிட்டேன், அதனால் இல்லை என்றார் மகன். மத்தியானம் பஸ் ஏறும்போது, கயிறு பிடித்ததில் சிவந்து போயிருந்த மகனின் உள்ளங்கையை எடுத்துத் தடவிவிட்டுப் போனார். அதுபோதும் என்று இருந்தது.

உமர் மறுபடி கட்ட ஆரம்பித்தார். ஆனால் காஜா பெராங் வீட்டுக்கு வரவில்லை. செப்டம்பரில் புது இறக்கையோடு திடலுக்கு வந்தார். அவர் "பாசாங்?" என்று கேட்டால் கயிற்றோரம் நிற்கிற கலியாணசுந்தரம் முதல் ஆளாகப் பதில் சொல்வார். அதைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை.

அக்டோபர் பாதியில் தண்டனை முடிந்தது. கலியாணசுந்தரம் சிவப்புக் கிளிப்பை எடுத்து மாட்டினார், குனிந்து பார்த்தார், உரக்கக் கேட்டார். "பாசாங்?" அங்கங்கே இருந்து பதில் வந்தது. ஏழு பேர் சொன்னார்கள். உமர் தன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கலியாணசுந்தரம் பட்டனைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றார். பிறகு கிளிப்பைக் கழற்றிப் பலகையில் மாட்டிவிட்டு, ஏரியலை மடக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறும் அதே கதை. லிம்முக்குப் பொறுக்கவில்லை, உமரிடம் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பதில் சொல்வதும் சொல்லாததும் அவன் உரிமை, விதி அப்படித்தான் என்றார் கலியாணசுந்தரம். சைக்கிள் மிதித்துத் திரும்பும் வழியெல்லாம் அழுகை முட்டியது. ஆகாயம் கிடைக்காததற்கு இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். கமலவேணி வருஷா வருஷம் போகிற மாதிரி உமர் கடைக்குத் துணி எடுக்கப் போய்விட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சட்டைத் துணியை விரித்து அளந்து பார்த்தவள், உங்களுக்கு எப்பவும்போல ஒரு சாண் சேர்த்துத்தான் வெட்டியிருக்கார் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு சித்தி திடலுக்கு வந்திருந்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை. அதே மரத்தடி, புதுப் பாய், புது பிளாஸ்க். கலியாணசுந்தரம் அவளைப் பார்த்ததும் பெட்டியை இறக்கவே தயங்கினார். ஆனாலும் முறைப்படி கிளிப்பை மாட்டினார், பார்த்தார், கேட்டார். ஏழு பேர் சொன்னார்கள். உமர் சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரம் நின்றார். கால் மணி நேரம் நின்றார்.

"ஏங்க," என்று பாயிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "அந்த அண்ணன் போடாமத்தானே நிக்கிறாரு. போடாம நிக்கிற ஆளுகிட்ட எனக்குப் பயம் இல்லைங்க."

உமர் இறக்கையைக் கீழே வைத்தார். புல்லைக் கடந்து நேராக வந்தார். குனிந்து, கலியாணசுந்தரத்தின் சட்டை ஓரத்தைத் திருப்பிக் கிளிப்பைப் பார்த்தார். சிவப்புதான். பிடித்து ஒரு இழுப்பு இழுத்தும் பார்த்தார். விதிப்படி அவர் "பாசாங்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மற்ற ஏழு பேரும் அதைத்தான் சொன்னார்கள்.

"போடுங்கண்ணே," என்றார் உமர்.

கலியாணசுந்தரத்துக்குக் கண் மறைத்தது. சுவிட்சு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உமர்தான் அவர் கையைப் பிடித்துச் சுவிட்சில் கொண்டுபோய் வைத்தார்.